சக்கரபாணி பெயரில் எரிந்த பச்சை விளக்கு

கார்த்திகை தீபம் ஏற்றிய நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, மலையுச்சியில் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, சக்கரபாணி சாமியாராகப் போவதற்காகத் திருவண்ணாமலையை விட்டுக் கிளம்பினார்.

கேட்டவர்கள் எல்லோருக்கும் தலை சுற்றியது. சாமியாராவதற்காக உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் மூட்டையோடு வந்து இறங்குகிற ஊர் இது. இங்கேயே பிறந்து, இங்கேயே கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வும் வாங்கிவிட்ட ஒரு மனிதர் அதற்காக ரிஷிகேசம் போவானேன்? வீட்டிலேயே பாலை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் மோர் கடன் வாங்கப் போகிற கதையாக இருக்கிறதே!

அவர் உள்ளூரில் முயற்சி செய்யாமல் இல்லை. ஐப்பசியில் ஒரு வாரம் காவி கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் உட்கார்ந்து பார்த்தார். டீக்கடைக்காரர், "இன்னா சக்கரபாணி, வீட்ல சண்டையா?" என்று கேட்டு ஒரு டீயையும் நீட்டினார். வங்கியில் கூட வேலை பார்த்தவர் வண்டியை நிறுத்தி, நகைக்கடனை மறுபடி வைப்பதற்கு யோசனை கேட்டார். அவர் வீட்டு மாடியிலேயே குடியிருக்கும் வெள்ளைக்கார அம்மாள் அடையாளம் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்ச ஊர்ல ஞானம் வராது ரேணு" என்று மனைவியிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ரேணுகாம்பாள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தாள். பையில் ஒரு ஸ்வெட்டரையும் திணித்தாள். "அங்க குளுரு ஜாஸ்தியாம். சாமியாரு ஸ்வெட்டர் போடக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா அப்ப கழட்டிக்குங்க" என்றாள். பேருந்து நிலையத்தில், "எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"சாமியாருங்க திரும்பி வரமாட்டாங்க ரேணு."

"சரி. கண்டக்டர் விசில் ஊதறாரு, ஏறுங்க."

ரேணுகாம்பாள் கல்நெஞ்சக்காரி அல்ல. அவளுக்கு நேரமில்லை. செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், கீழே தன் குடித்தனமும் மேலே வாடகை அறைகளுமாக ஒரு வீட்டை நடத்திக்கொண்டிருந்தாள். கலசபாக்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து எட்டாவது வரை படித்தவள். ஆனால் மற்ற பெண்கள் இட்லி மாவின் புளிப்பை முகர்ந்து சொல்வதுபோல, நெட்டின் நிலவரத்தை மோடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பச்சை நின்று எரிந்தால் சுகம். விட்டுவிட்டு எரிந்தால் யோசிக்கிறது. சிவப்பு எரிந்தால் மேலேயிருந்து யாராவது இறங்கி வருவதற்குள், படிக்கட்டின் கீழே நின்று, "நெட் கோயிங். டூ மினிட். நெட் கம்மிங்" என்று முந்திக்கொள்வாள். அவள் இங்கிலீஷ் மொத்தமும் நெட்டைச் சுற்றியே வளர்ந்தது.

அந்த மோடம் இருந்த இடம் பூஜை அலமாரி. பக்திக்காக அல்ல, எலி ஏறாத ஒரே பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

மாடியில் நாலு வருஷமாக இருந்தவள் மார்த்தா. போலந்துக்காரி. தினமும் சாயங்காலம் கணினி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, உலகமெங்கும் இருக்கிற மாணவர்களுக்கு மௌன வகுப்பு நடத்துவாள். தெருவில் அவளுக்கு மௌனம்மா என்று பெயர். வகுப்பு முடிந்ததும் வாய் திறந்தால் பால்காரர் முதல் பூனை வரை ஒருவரையும் விடமாட்டாள் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் வகுப்பு நடுவே நெட் நின்றுவிட்டது. திரையில் மௌனம்மாவின் முகம் அப்படியே உறைந்துபோனது. மாணவர்கள் அந்த உறைந்த முகத்தையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இத்தனை ஆழமான மௌனத்தை இதுவரை அனுபவித்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். அதில்தான் மார்த்தா உடைந்துபோனாள். "ரேணு, என்னைவிட என் போட்டோ நல்லா கிளாஸ் எடுக்குது" என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதாள். இன்னொரு தடவை நெட் போனால் எதிர் வீட்டுப் பலராமன் மாடிக்குக் குடி போய்விடுவதாகவும் சொன்னாள். பலராமன் வேண்டுமென்றே தன் வீட்டு வாசலில் 'அதிவேக நெட்' என்று பலகை தொங்கவிட்டிருந்தார். மார்த்தா போனால் மற்ற அறைக்காரர்களும் கூடவே போவார்கள். அவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து வந்தவர்கள்தான்.

தை மாதத்தில் சக்கரபாணியிடமிருந்து ஒரு படம் வந்தது. மழித்த தலை, உடம்பெல்லாம் விபூதி, கழுத்தில் சாமந்தி மாலை, மூடிய கண். சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே எழுதியிருந்தது: 'இன்று எனக்கு நானே பிண்டம் வைத்து ஈமக்கிரியை செய்துகொண்டேன். சக்கரபாணி என்பவன் இனி இல்லை. சிம் கார்டைக் கங்கையில் விடுகிறேன்.'

ரேணுகாம்பாள் அதைப் படித்துவிட்டு, ஸ்வெட்டரைக் காணோமே என்று மட்டும் கவலைப்பட்டாள்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு என்பது லைன்மேன் இருசப்பன் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. "அக்கா, போன் லைன் யாரு பேர்ல இருக்குதோ அவங்க ஆபீசுக்கு நேர்ல வந்து சரிபார்க்கணும்னு உத்தரவு. அண்ணனுக்கு மெசேஜ் மேல மெசேஜ் போவுதாம், பதிலே இல்லியாம். அடுத்த மாசக் கடைசியில லைன கட் பண்ணிடுவாங்க."

மெசேஜெல்லாம் கங்கையில் மிதந்துகொண்டிருந்தன.

அந்த லைனுக்கு ஓடியாடி விண்ணப்பம் போட்டவள் ரேணுகாம்பாள்தான். அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர், "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதையே உரிமையாளர் என்று எழுதிவிட்டார். தன் பெயரைக் கேட்பார் என்று அவளும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கேட்கவில்லை.

மறுநாள் காலை தொலைபேசி அலுவலகத்தில் போய் நின்றாள். கவுண்டரில் அருணாதேவி என்ற பெண், தலை நிமிராமலே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேர் மாத்தணுமா? பழைய உரிமையாளர கூட்டிகினு வாங்க."

"அவரு சாமியாராப் போயிட்டாருங்க."

"அதனால இன்னா? எந்த ஆசிரமம்? ஆட்டோ புடிச்சுப் போய் ஒரு கையெழுத்து வாங்கியாந்துடுங்க."

"இங்க இல்லீங்க. ரிஷிகேஷ்."

அருணாதேவி அன்றைக்கு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். "நம்ம ஊர வெச்சிகினு ரிஷிகேஷா? ஏன், இங்க இடமா இல்ல?"

"இருந்துது. டீ குடுத்துட்டாங்க."

அருணாதேவிக்கு அது புரியவில்லை. "கையெழுத்து இல்லன்னா இறப்புச் சான்றிதழ் வேணும்" என்றாள். ரேணுகாம்பாள் படத்தைக் காட்டினாள்.

"செத்துட்டதா அவரே எழுதியிருக்காரு, பாருங்க."

"அவரு சொன்னா பத்தாதும்மா. நகராட்சி சொல்லணும்."

பின்னால் நின்றவர் யாரோ சிரித்தார். ஆனால் அருணாதேவி சிரிக்கவில்லை. உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள். அவர் சேர்ந்திருக்கிற மடத்திலிருந்து ஒரு கடிதமும், மனைவி என்ற முறையில் நோட்டரியிடம் ஒரு உறுதிமொழியும் வாங்கி வந்தால், 'மற்ற காரணங்கள்' என்கிற கணக்கில் மாற்றித்தர வழியுண்டு என்றாள். பிறகு, கவுண்டர் கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பேர மாத்தறது சுலுவு. ஆனா மாத்தறப்ப கம்ப்யூட்டர் பழைய கணக்க மூடிட்டுப் புதுசா ஒண்ணு தொறக்கும். போன் அதே நம்பர்ல வந்துடும். நெட்டு வராது. அது பழைய பேர்லயே அநாதையா நின்னுடும். அதனால, 'நெட்டையும் சேர்த்து மாத்துங்க, நடுவுல நிறுத்தக் கூடாது'ன்னு தனியா எழுதிக் குடுக்கணும். முக்காவாசிப் பேரு எழுத மாட்டாங்க. அப்பறம் பத்து நாள் நெட்டு இல்லன்னு வந்து என்னியத் திட்டுவாங்க."

ரேணுகாம்பாள் அங்கேயே நின்று எழுதினாள். அடியில் கோடும் போட்டாள்.

"இன்னொண்ணு. நாங்க மாத்தற நேரத்துல உங்க வீட்டு மோடம் எரிஞ்சிகினே இருக்கணும். நடுவுல அணைச்சீங்கன்னா புதுக் கணக்கு அதுல போய் உக்காராது. அப்பறம் புது கனெக்‌ஷன்காரங்களோட வரிசையில நிக்க வேண்டியதுதான்."

"மின்சாரம் போனா?"

"சாமிய வேண்டிக்குங்க."

மடத்திலிருந்து கடிதம் வந்துசேரப் பட்ட பாடு தனி. கடைசியில் வந்தது. சக்கரபாணி முறைப்படி ஈமக்கிரியை முடித்துத் துறவு பூண்டுவிட்டார் என்றும், இப்போது அவர் பெயர் சுவாமி சர்வசூன்யானந்தா என்றும் அதில் இருந்தது. நோட்டரியும் முத்திரை குத்தினார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெயர் மாற்றுவதாக அருணாதேவி சொல்லியனுப்பினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகவரியைச் சரிபார்க்க இருசப்பனுக்கு ஒரு சீட்டும் கொடுத்தாள். பழைய உரிமையாளர் என்ற இடத்தில், உள்ளது உள்ளபடி, 'ஈமக்கிரியை முடிந்தது' என்று எழுதியிருந்தாள். துறவு என்பதைச் சீட்டில் எழுத இடமில்லை.

இருசப்பனுக்குச் சொந்த ஊர் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை. சக்கரபாணிக்கும் அதே ஊர்தான் பூர்வீகம். மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போன இருசப்பன், சட்டைப்பையில் சீட்டோடு நேராகச் சக்கரபாணியின் அக்கா பச்சையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

சாவு வீட்டுக்குச் சொல்லாமல் விட்டாலே பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிற வம்சம் அது. இங்கே கருமாதியே முடிந்திருக்கிறது. பச்சையம்மாளுக்குத் துக்கம் வந்தது உண்மை. ஆனால் கோபம் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

சாயங்காலம் ரேணுகாம்பாள் பூஜை அலமாரி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் மௌன வகுப்பு தொடங்கியிருந்தது. அப்போது சந்தில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. மாலையும் கையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்.

"பாவி! என் தம்பிய வாரிக் குடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லலியேடி!" என்று முன்னால் வந்தாள் பச்சையம்மாள்.

"அண்ணி, யாரு செத்தா?"

"யாரா! கருமாதி பண்ணிட்டு யாருன்னா கேக்குற?"

"அய்யோ, அவரு உயிரோட இருக்காரு அண்ணி!"

பச்சையம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "புத்தி பெரண்டுடுச்சு, பாவம்" என்றாள். கோபம் பாதி வடிந்து, ரேணுகாம்பாளின் தலையைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தாள். ரேணுகாம்பாள் கையை உதறிவிட்டுப் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. மழித்த தலை, விபூதி, மாலை, மூடிய கண்.

"உக்கார வெச்சே எடுத்துட்டாங்களா என் ராசாவ!" என்று பச்சையம்மாள் நடுக்கூடத்தில் சரிந்து உட்கார்ந்தாள். கூட வந்த பெண்கள் வட்டமாகத் தோளைப் பிணைத்துக்கொண்டார்கள்.

"மலைய சுத்தி ஊரு வரும், என் பொறந்தவனே,
மாலை போட நாங்க வந்தோம்;
சேதி சொல்ல ஆளு இல்லியா, என் பொறந்தவனே,
செல்லுபோனும் ஊமையாச்சா!"

பச்சையம்மாளின் மகன் செழியன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மைக்செட், சீரியல் செட் போடுகிறவன். தொழில்காரன் வெறும் கையோடு வரமாட்டான். மாமா படத்தைச் சுற்றி மாட்டுவதற்குச் சீரியல் பல்பு கொண்டுவந்திருந்தான். சுவரில் இருந்த சக்கரபாணியின் பழைய படத்தை இறக்கினான். பிளக் பாயிண்ட் தேடினான். பூஜை அலமாரியைப் பார்த்தான்.

"அத்தை, இதப் புடுங்கிட்டு இங்க சொருவிக்கறேன்."

ரேணுகாம்பாள் ஸ்டூலைத் தாண்டிப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாலு வருஷக் குடித்தனமும், நாலு அறை வாடகையும், எதிர் வீட்டுப் பலராமனின் பலகையும் அவள் கண் முன்னால் வந்து போயின. உண்மையைச் சொல்லியாயிற்று, எடுபடவில்லை. பொய் சொல்லப் பயமாக இருந்தது. நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

"அண்ணி! அந்தப் பச்ச வெளக்கு உங்க தம்பி பேர்ல எரியுது. அத அணைக்கச் சொல்றான் உங்க புள்ள!"

ஒப்பாரி பட்டென்று நின்றது.

சாவு விழுந்த வீட்டில் ஏற்றிவைத்த விளக்கை அணைப்பதா? பச்சையம்மாள் எழுந்து வந்த வேகத்துக்குச் செழியன் இரண்டு அடி பின்னால் போனான்.

"ஏன்டா, உங்க மாமன் வெளக்கா அது? கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்!"

"எம்மா, அது மோடம்மா..."

"இன்னாவா இருந்தா எனக்கின்னா? எரியுதில்ல?"

சொன்னதோடு நிற்காமல் கொண்டுவந்த ரோஜா மாலையில் சின்னதாக ஒன்றைப் பிரித்து மோடத்துக்குப் போட்டாள். அதன் இரண்டு ஆன்டெனாக் கொம்பிலும் அது பாந்தமாக உட்கார்ந்தது. பிறகு அலமாரிக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். சக்கரவர்த்தியே வந்தாலும் இனி அந்தப் பிளக்கைத் தொட முடியாது.

வந்தது இருசப்பன். சரிபார்க்கும் சீட்டோடு உள்ளே நுழைந்தவர், வயரை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"கிட்ட வராத."

"பச்சக்கா, என் வேலக்கா இது."

"உன் வேல சேதி சொல்றதோட முடிஞ்சுது. அப்படி ஓரமா உக்காரு."

இருசப்பன் ஓரமாக உட்கார்ந்தார். யாரோ அவர் கையிலும் காப்பி கொடுத்தார்கள். ஒப்பாரி மறுபடி கிளம்பியது. பலராமன் தன் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் இருந்து எட்டிப் பார்த்து, மரியாதைக்குத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

திடீரென்று பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. பிறகு ஆரஞ்சு. பிறகு ஒன்றுமே இல்லை.

"துடிக்குதுடி! அடங்குதுடி!" என்று பச்சையம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

ரேணுகாம்பாளும் அந்த நேரத்தில் வாய்விட்டு அழுதாள். அன்று அந்தக் கூடத்தில் விழுந்த கண்ணீரிலேயே கலப்படம் இல்லாதது அதுதான். கணவர் பஸ் ஏறியபோதுகூட வராத அழுகை. "போயிடாத, போயிடாத" என்று மோடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சுற்றியிருந்த பெண்கள், "அழட்டும், வுடுங்க, இப்பதான் வெளிய வருது" என்றார்கள்.

விளக்கு பச்சையாக எரிந்தது. அசையாமல் நின்று எரிந்தது.

இருசப்பனின் போன் அடித்தது. அவர் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அருணாதேவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இருசப்பண்ணே, ஏறிடுச்சு. போனு, நெட்டு ரெண்டும் ரேணுகாம்பாள் பேருக்கு வந்துடுச்சு. நெட்டு நிக்கவே இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆமா, அங்க இன்னா சத்தம்?"

"சாவும்மா. சக்கரபாணி சாவு."

"எந்தச் சக்கரபாணி? இந்தம்மா வீட்டுக்காரரா? அவரு சாமியாராத்தான போனாரு? உயிரோட இருக்காருன்னு மடத்துலேர்ந்து காயிதம் என் கையில இருக்குது!"

அரசாங்கக் கவுண்டரில் உட்காருகிறவர் சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். பெண்டாட்டி சொன்னபோது நம்பவில்லை. பச்சையம்மாள் நிதானமாகக் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"உயிரோட இருந்துகினா தனக்குத்தானே கருமாதி பண்ணிகினான்? எள்ளு எறைக்க நாங்கெல்லாம் இல்லியா? வரட்டும் அவன். நானே கொன்னு, நானே முறையாப் பண்றேன்."

பிறகு ஒரு பெரிய விவாதம் நடந்தது. சாவுக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் சாகாதவன் சாவுக்கு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டுமா, காலைக் கழுவினால் போதுமா? யாருக்கும் தெரியவில்லை. தீட்டு வேண்டாம் என்று எல்லோரும் குளித்தார்கள். மேல் தொட்டி காலியாகிவிட்டது. மாலைகளை வீணாக்க மனமில்லாமல் செழியன் வந்த ஆட்டோ இரண்டுக்கும் ஒவ்வொன்று போட்டான்.

அந்தக் கடைசி மாலை கட்டும்போதுதான் மாடிப்படியில் மார்த்தா இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரேணுகாம்பாள் பயந்துபோய், "நெட் நோ கோயிங்! நெட் நிக்கவே இல்ல!" என்றாள்.

ஒரு நிமிஷம் விளக்கு அணைந்த நேரத்தில் தன் முகம் மறுபடி உறைந்ததும், அதை மாணவர்கள் கவனிக்கவே இல்லை என்பதும் மார்த்தாவுக்குத் தெரியும். கீழேயிருந்து ஜன்னல் வழியாக வந்த ஒப்பாரியில் அவர்கள் மூழ்கிப்போயிருந்தார்கள். பல வருஷமாக அழ மறந்தவர்கள் அழுதார்களாம். அந்தப் பாடகி அடுத்த வாரமும் வருவாரா என்று கேட்கிறார்களாம்.

மார்த்தா பரபரப்பில் இங்கிலீஷிலேயே கொட்டிய இதையெல்லாம், செழியன் தனக்குத் தெரிந்த அளவில் பச்சையம்மாளுக்கு மொழிபெயர்த்தான். அவள் யோசித்தாள்.

"வரலாம். ஆனா யாராவது செத்திருக்கணும். சும்மா அழ மாட்டேன்."

மார்த்தா எதிர் வீட்டுக்குப் போகவில்லை. பலராமன் பலகையைக் கழற்றிக்கொண்டார். மாதா மாதம் நெட் கணக்கு ரேணுகாம்பாளின் போனுக்கே வர ஆரம்பித்தது. முதல் தடவை, 'அன்புள்ள ரேணுகாம்பாள்' என்று தொடங்கிய அந்த மெசேஜை அவள் அழிக்கவில்லை. வந்து கேட்பவர்களுக்கெல்லாம், "நம்ம பேர்லதான் இருக்குது" என்று சொல்லிவைத்தாள். வாடகை அறைகளைக் காட்டும் செயலியிலும் வீட்டுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் செய்தாள்.

அதற்கடுத்த வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு மத்தியானம், அவள் மாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தபோது, அந்தச் செயலி வழியாகத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது:

'மதிப்பிற்குரிய ரேணுகாம்பாள் அம்மையாருக்கு ஆசிகள். தங்கள் இல்லத்தில் ஒரு துறவி தங்குவதற்குச் சிறிய அறை கிடைக்குமா? நானும் இப்போது கணினி வழியாக வகுப்பு எடுக்கிறேன். இங்கே மடத்தில் நெட் அடிக்கடி நின்றுவிடுகிறது. தங்கள் வீட்டில் நிற்பதே இல்லை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வாடகை, விதிமுறைகள் எல்லாம் சம்மதம். சக்கரபாணி என்பவரைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். என் நன்னடத்தைக்கு அவர் பெயரைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. இங்கே குளிர் ஜாஸ்தி. - சுவாமி சர்வசூன்யானந்தா'